இருநூற்று எழுபது சுற்று

வடிவியல் பாடத்தில் சமதூரம் என்ற சொல்லைப் படித்த அதே வாரம் அத்தையின் வாயிலிருந்தும் அதைக் கேட்டேன். அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பாவும் அடையாற்றில் இருந்த சித்தப்பாவும் பேசி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களுடைய ஒரே தங்கையான அத்தை, மயிலாப்பூரில் இருந்த எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே, ராஜா அண்ணாமலைபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள்.

“ரெண்டு பேர் ஆத்துக்கும் சமதூரம், அண்ணா. அளந்து பாத்துட்டுதான் அட்வான்ஸே குடுத்தேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து நின்னாதான் பால் காய்ச்சுவேன்.”

“பாக்கலாம்” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அது பாதிச் சம்மதம்.

சனிக்கிழமை காலை என் சைக்கிளின் முன்சக்கரக் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வாசலிலிருந்து அத்தை வீட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது சுற்று. அங்கிருந்து பாலம் தாண்டிச் சித்தப்பா வீட்டு கேட் வரை எண்ணூற்று எழுபது. நோட்டில் குறித்துவந்து, சாப்பிடும்போது பெருமையாக வாசித்தேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“அப்போ அவனுக்குத்தான் கிட்டக்க பாத்திருக்கா” என்றார் அப்பா. “நான் வரலை.”

மாலையில் அத்தை வந்தாள். கோபப்படவில்லை. என் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“எண்ணினது ரொம்ப சரி. வழிதான் தப்பு. மாவு மில் பக்கத்துச் சந்துல புகுந்து வந்தா இந்த இருநூத்தி எழுபது சுத்தும் மிச்சம்.”

அப்பா செய்தித்தாளை மடித்தார். “அந்தச் சந்தா?” என்று கேட்டு, சற்று நேரம் அத்தையையே பார்த்தார். “அப்போ சரி.”

மறுநாள் அடுப்பின் இரு பக்கமும் அண்ணனும் தம்பியும் நிற்க, பால் பொங்கியது. “ஸ்கூட்டர் எப்டி ஓடறது?” என்று சித்தப்பா கேட்டார். “ஓடறது” என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கணக்கைத் திருத்த அந்தச் சந்தைத் தேடிப் போனேன். பத்தடி உள்ளே, பாசி படிந்த உயரமான சுவர். அதற்கு அப்பால் வழியே இல்லை. சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். சக்கரத்தை எண்ணிக்கொண்டு போன எனக்குத்தான் தெரியவில்லை. அத்தையின் துணிச்சலை வியந்து, அப்பாவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன். பல வருடங்கள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன்.

அப்பா அந்தச் சந்து முனையைக் கடந்துதான் தினமும் ஆபீஸ் போய் வந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.