மச்சான் அனுப்பிய கேப்சர் கார்டு

கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டிருந்தான் என்று காதரின் வீடியோ ஸ்டுடியோவுக்குள் நான் நுழைந்தபோது கம்ப்யூட்டர் திரை கறுப்பாகக் கிடந்தது. மேலப்பாளையத்தில் அன்று சாயங்காலம் அவன் அக்கா மகளுக்கு நிக்காஹ். பெண்ணின் அப்பா, அதாவது காதரின் மச்சான், ரியாத்தில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. நிக்காஹை நேரலையில் பார்ப்பதற்கென்றே கேமரா படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் ஒரு பழைய கேப்சர் கார்டை வாங்கி, ஊருக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து, அதன் பிழைப் பதிவைத் திறந்தேன். கேப்சர் கார்டு பிராசஸரைக் கேட்காமல் நேரே மெமரியில் எழுதும். அதனால் ஆபரேட்டிங் சிஸ்டம் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, ஐஓஎம்எம்யூ என்ற சர்க்யூட்டைக் காவலுக்கு நிறுத்தும். இந்தக் கார்டு எல்லை தாண்டி எழுதப் பார்த்திருக்கிறது. காவல் தடுத்துவிட்டது.

"பயாஸ் செட்டிங்ல அந்தக் காவல அணைச்சா ஓடும்னு ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லுதாரு யக்கா" என்றான் காதர்.

"ஓடும். எங்க போய் எழுதும்னுதான் தெரியாது."

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய! மச்சான் கொடுத்துவிட்டதுலா."

எங்கள் பக்கம் இது ஒரு வியாதி. வளைகுடாவிலிருந்து வந்த சாமானைச் சந்தேகப்பட்டால் கொடுத்தவரையே சந்தேகப்பட்ட மாதிரி. எனக்கு எரிச்சல் வந்தது.

"ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மச்சானும் கிடையாது, மாமனும் கிடையாது தம்பி."

அவன் கேட்கவில்லை. பட்டால்தான் தெரியும் என்று நினைத்து, அவனுடைய டிஸ்க்கைக் கழற்றி, என் டெஸ்ட் டிஸ்க்கை மாட்டி, காவலை அணைத்தேன். படம் ஜோராக ஓடியது. காதர் வாயெல்லாம் பல். கொஞ்ச நேரத்தில் மெஷின் உறைந்தது. மறுபடி ஆன் செய்தால், டிஸ்க்கில் இருந்த ஃபைல்களில் பாதி திறக்கவே இல்லை. கார்டு மெமரியில் கண்ட இடத்தில் எழுதிக் கெடுத்தது டிஸ்க்கிலும் பதிந்துவிட்டது.

"யா அல்லாஹ்! என் டிஸ்க்கு மட்டும் மாட்டியிருந்தா! அதுல ஊர்க் கல்யாணம் பூரா கிடக்கே!"

கார்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். போனை ஸ்டாண்டில் மாட்டி, வீடியோ காலில் மச்சானைப் பிடிக்கச் சொன்னேன்.

"அவர்ட்ட என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லு."

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. நானும் கல்யாண வீட்டில்தான் இருந்தேன். போனைப் பெண் இருந்த அறைக்குக் கொண்டுபோனான் காதர்.

"கார்டு நல்லா வேல செய்யுதா வே?" என்று கேட்டார் மச்சான்.

காதர் என்னைப் பார்த்தான். "கார்டு சரியில்ல மச்சான். போன்லதான் பாக்குதிய."

"அதத் தூக்கி எறியும் வே. போன இன்னும் பக்கத்துல கொண்டு போம். பிள்ள அழுவுதாளா சிரிக்காளான்னு தெரியல."

அனுப்பியவர் மனசு நோகும் என்று நாமாகத்தான் பயந்துகொள்கிறோம்.