கை நனைக்கும் தண்ணீர்

ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேனிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். ஜன்னல் வழியே பார்த்த என் கணவர் கிசுகிசுத்தார்: "டீச்சரே, உங்க ஜனத்தொகைப் பெருக்கம் வாசலுக்கே வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் குடிக்கும் தண்ணீர் ஒரு கேனில் கால்வாசிதான் இருந்தது. கேன் போடும் ஆட்டோ அன்று காலை வரவில்லை.

வந்தவர்கள் பள்ளிகொண்டா பக்கத்துக்காரர்கள். என் மகனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று எங்கள் வீட்டைப் பார்த்துப் போக வந்திருந்தார்கள். அதற்கு முன் மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. மூன்று முறையும் ஜாதகம் சேரவில்லை என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். தரகர்தான் ஒரு நாள் உண்மையை உடைத்தார். "ஜாதகம்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா. உங்க ஊரு தண்ணியத்தான் யாருக்கும் புடிக்கல."

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி எங்கள் வீடு. ஆற்றில் மணல் இல்லை, தண்ணீரும் இல்லை. அதற்குப் பாலாறு என்று பெயர் மட்டும் மிச்சம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு வருடக்கணக்காக மண்ணில் இறங்கி, போர் தண்ணீர் உப்பும் மஞ்சளுமாக வருகிறது. சோப்பு நுரைக்காது. துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க மட்டும் அதைப் பிடிப்போம். குடிக்க, சமைக்க, டீ போட எல்லாவற்றுக்கும் கேன்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. கணவர் ஒரு ஷூ கம்பெனியின் ஸ்டோர்ஸில் கணக்கு பார்க்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை. இரண்டாவது வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு விசேஷம் கேட்டார்கள். தலைகள் குறைந்தால் இருப்பது எல்லோருக்கும் வரும் என்று அவர்களுக்கே பாடம் நடத்தினேன். வகுப்பிலும் அதையே நடத்தினேன். சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்கு முதல் காரணம் என்ன என்ற கேள்விக்கு மக்கள் தொகைப் பெருக்கம் என்று எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தை நம்பியவள் நான். நம்பி ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஒருவன் அன்று இஸ்திரி போட்ட சட்டையில், கூடத்தில் பதினோரு பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது சாப்பிட மாட்டார்கள். டீ, தண்ணீர் பரவாயில்லை. நான் தண்ணீர் கொண்டு போனபோது பெண்ணின் சித்தி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது இன்னா தண்ணிக்கா?" என்றார்.

"கேன் தண்ணிதாங்க."

"எந்தக் கேனு? கொழாயில புடிச்சு கேன்ல ஊத்துனாலும் கேன் தண்ணிதான?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கூடத்தில் பேச்சுக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தபோது, உதவி செய்வதாக நினைத்து என் கணவர் சமையலறைக்குள் போனார். ஐந்து பேருக்கு வாங்கிய பால். பதினோரு பேருக்குக் காணாது. கேனும் அடியில் போயிருந்தது. ஒரு சொம்பு குழாய்த் தண்ணீரைப் பாலில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டார். இருபத்தெட்டு வருடம் இந்த வீட்டில் இருப்பவர், எங்கள் போர் தண்ணீரில் பால் திரியும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பதற்றத்தில் கை ஊற்றிவிட்டது.

நான் உள்ளே ஓடியபோது எனக்குப் பின்னாலேயே சித்தியும் வந்துவிட்டார். பாத்திரத்தில் பால் கட்டி கட்டியாக மிதந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, பன்னீர் பண்றீங்களா?"

என் கணவர் கரண்டியோடு நின்றார். சித்தி அங்கிருந்த குழாயைத் திறந்து கையை நீட்டி, விரல்களைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். கை நனைக்கக் கூடாதென்று வந்தவர் அப்படித்தான் கை நனைத்தார். அதன் பிறகு கேலி பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அவர் கேலி பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூடத்தில் பெண்ணின் அப்பா பெருந்தன்மையாகப் பேசினார். "எல்லா ஊர்லயும் இதே கததான் சார். ஜனம் ஜாஸ்தியாய்டுச்சு. தண்ணி எப்படிப் பத்தும்?"

என் கணவர் மெல்லச் சொன்னார். "எங்க தெருவுல வூட்டுக்கு ரெண்டு பேருதான் சார். பசங்கல்லாம் சென்னை, துபாய்னு போய்ட்டாங்க."

"அந்தாண்ட லைன் வீடா இருக்குதே?"

"அவங்க ஷூ தைக்க வந்தவங்க சார். குடிக்க அவங்களும் கேன்தான் வாங்குறாங்க."

என் பாடம் என் கூடத்திலேயே கலைந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் தலைகள் குறைந்துவிட்டன. அந்தப் பக்கத்து லைன் வீடுகளில் கூடின. கூடியவர்களும் தாங்களாகப் பெருகவில்லை, வேலை அவர்களை வரவழைத்தது. அந்த வேலையில் செய்யப்படும் ஷூவைப் போடுகிற கால்கள் எங்கோ கடல் தாண்டி நடக்கின்றன. எங்கள் ஊரின் எந்தக் கணக்கிலும் அந்தக் கால்களை நான் சேர்த்ததில்லை. சரி, அவர்களை மட்டும் சொல்லி என்ன? என் மகனின் கல்லூரிக் கட்டணமும் அந்தக் கம்பெனிச் சம்பளம்தான்.

சித்திதான் விஷயத்துக்கு வந்தார். "பையன் தங்கமான பையன். அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா எங்க பொண்ணு இங்க வந்து பொழங்க முடியாதுக்கா. வேலூர்ல சத்துவாச்சாரி பக்கம் தனியா வூடு பாத்தா, இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

நான் என் மகனைப் பார்த்தேன். ஒரே பிள்ளை, அப்பா அம்மாவை விட்டு எப்படி வருவேன் என்று ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சும்மா, சபைக்காகவாவது.

"பாத்து வெச்சிருக்கேன் ஆன்ட்டி" என்றான். "ரெண்டு ரூமு. மூணாவது மாடி. அட்வான்ஸ் மட்டும் குடுக்கணும்."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முடிவாகிவிட்டதால், கை நனைக்கலாம் என்றார்கள். கேசரியும் வடையும் சாப்பிட்டார்கள். கை கழுவ மட்டும் வேனிலிருந்து தங்கள் பாட்டில்களைக் கொண்டுவந்து, பின்பக்கம் பட்டுப்போய்க்கொண்டிருந்த கொய்யா மரத்தடியில் ஊற்றிக்கொண்டார்கள். "அந்த மரம் இன்னிக்குத்தான் நல்ல தண்ணி குடிச்சிருக்கும்" என்றார் என் கணவர், யாரிடமும் இல்லாமல்.

கல்யாணம் முடிந்து, அவர்கள் சத்துவாச்சாரிக்குப் போனார்கள். நான் வேலூரில் படித்த காலத்தில் அந்தப் பக்கம் நெல் வயல்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் எங்கிருந்தோ கிளம்பி வந்த ஒரு ஜோடி. போன முறை நாங்கள் போனபோது தண்ணீர் லாரி நின்றிருந்தது. "இங்கயும் ஜனம் ஜாஸ்தியாய்டுச்சும்மா, போர் வத்திப்போச்சு" என்றான் மகன். லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஏதோ ஒரு கிராமத்துக் கிணறு என்றான். அந்த ஊரில் இன்னும் பெண் கொடுக்கிறார்களா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் இருவரும் இங்கே வந்தார்கள். மருமகளுக்கு ஏழாம் மாதம். காரின் டிக்கியிலிருந்து அவன் முதலில் இறக்கியது ஒரு தண்ணீர் கேன். கல்லூரி விடுதிக்குப் போகும் பதினேழு வயது வரை இந்த வீட்டுப் போர் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். நான் டம்ளரை நீட்டியபோது வாங்கப் போன கையை நிறுத்தி, "இது இன்னா தண்ணிமா?" என்றான். கேட்ட பிறகு அவனுக்கே முகம் மாறிவிட்டது. "அவளுக்காகக் கேட்டேம்மா" என்றான்.

குழந்தை பிறந்தால் இங்கே எத்தனை நாள் விடுவாய் என்று கேட்க அன்று முழுவதும் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர்கள் கிளம்பும்வரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் என்ன சொல்வான்?

காரில் ஏறும் முன் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அதைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தான்.

"இது இங்கயே இருக்கட்டும்மா. நீங்க ரெண்டு பேருதான? தாராளமா வரும்."