கண்ணை மூடித்தான் இருந்தேன் என்று சொன்னேன்

பக்கவாதம் வந்து என் வலது கை மரத்துப்போனபோது, சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசையவும் எனக்கு மறுபடி கற்றுக்கொடுத்தவள் பெரம்பலூர் கிளினிக் ஒன்றில் இருந்த பெண். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இடது கையால் கையெழுத்துப் போடப் பழக்கியவளும் அவள்தான்.

மனைவி இறந்தபின் அரியலூர் வீட்டில் நான் தனி. தனியாகச் சமைத்துக்கொள்ள முடியும் என்று அவள் எழுதித் தராவிட்டால், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்னைத் திருச்சியில் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவான். அதற்காக ஒரு பரிசோதனை. நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளங்கையில் அவள் வைக்கும் கண்ணாடிக் குழாயில் வெந்நீரா, ஐஸ் தண்ணீரா என்று சொல்ல வேண்டும்.

“எட்டிப் பாக்கக் கூடாது சார். வாத்தியாரே காப்பி அடிக்கலாமா?”

“முப்பது வருஷம் பரீட்சை ஹால்ல பிட்டு புடிச்சவன்மா நான்.”

சிரித்தாள். நான் இமை இடுக்கில் பார்த்தேன். ஐஸ் தண்ணீர்க் குழாய் வியர்த்திருந்தது. ஒரு விடைகூடத் தப்பவில்லை. எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் டீ போடும்போது, அடுப்பில் காய்ந்த பாத்திரத்தை வெறும் வலது கையால் பிடித்தேன். சுட்டது தெரியவில்லை. தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

மகன் போனில் கொதித்தான். “அந்தப் பொண்ணு டெஸ்ட்டே ஒழுங்கா பண்ணலப்பா. வக்கீல் நோட்டீஸ் விடுவோம்.”

“பாவம்டா, நல்ல பொண்ணு.”

“அவங்க கையிலேர்ந்தா தரப் போறாங்க? வேலையில தப்பு நடந்தா குடுக்கத்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்காங்க. கம்பெனி குடுத்துரும்.”

பரீட்சையில் ஏமாற்றினேன் என்று மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. நோட்டீஸில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

தினம் சாயங்காலம் போன் செய்து காயத்தை விசாரித்தவள் அவள் ஒருத்திதான். நோட்டீஸ் போனபின் ஒரே ஒரு முறை பேசினாள்.

“இன்சூரன்ஸ்காரங்க உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்குக் கண்ண மூடித்தானே இருந்தீங்க?”

“மூடித்தாம்மா இருந்தேன்.”

“அப்ப டெஸ்ட்ட நான்தான் தப்பாப் பாத்துருக்கேன்.”

கம்பெனி பணம் கொடுத்தது. கிளினிக் அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. அதற்கு எந்த இன்சூரன்ஸும் இல்லை என்பது படித்தவனான எனக்குத் தெரியாததல்ல. அந்தப் பணத்தில் மகன் ஏற்பாடு செய்த சமையல்கார அம்மாள் காலையிலேயே சமைத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் போன் அடிப்பதில்லை.

போன மாதம் பஸ் ஏறி, செட்டிகுளத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். அவளுடைய அம்மா வாசற்படியிலேயே நின்றார்.

“அவ சென்னையில ஜவுளிக் கடையில பில்லு போடுறா. யாரு கையைத் தொடவும் பயமா இருக்குங்குறா.”

கண்ணைத் திறந்து பார்த்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தார்.

“எழுதிக் குடுங்க.”

நின்றபடியே எழுதினேன். கோணல் கோணலாக வந்தது.

“தேதி போடுங்க. இதையே கிளினிக்லயும் குடுங்க, இன்சூரன்ஸ்லயும் குடுங்க.”

“குடுத்துடுறேம்மா.”

தாளைப் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிக் நீலமானது. பதில் வரவில்லை.

“நாலு மணி பஸ்ஸ விட்டுடாதீங்க,” என்றார்.