கராச்சர்மா வளைவில் வைத்த முத்திரை

என் கணவரின் மோட்டார் சைக்கிள், அரசாங்கம் இனி ஓடாது என்று ஏலத்தில் விட்ட வண்டி. போர்ட் பிளேரில் அரசாங்க வாகனப் பட்டறையில் அவர் மெக்கானிக். வேலை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் வெளிச்சத்தில், வாசலில் ஒரு சாக்கை விரித்துப் போட்டு, ஒன்றரை வருஷம் அந்த வண்டியைப் பிரித்துப் பிரித்து மாட்டினார். நான் கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கியபோது வண்டிக்குப் பின் சக்கரம் இல்லை. என்னைக் காட்டிலும் அதற்குத்தான் முதலில் எல்லாம் கிடைத்தது என்று அப்போது எனக்கு ஒரு குறை இருந்தது. அந்த வண்டியில் உட்கார்ந்துதான் நான் ஊரைப் பார்த்தேன் என்பதால் அந்தக் குறை ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

இது அறுபதுகளின் பிற்பகுதி. ஆரம்பப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. பட்டறையின் என்ஜினீயர் மோட்டார் பத்திரிகைகளை மெயின்லேண்டிலிருந்து வரவழைப்பார். மூன்று மாத இதழ்கள் ஒரே கட்டாகக் கப்பலில் வரும். அவர் படித்து முடித்ததும் அவை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் கணவருக்குப் படம் போதும், ஆனால் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. சாயங்காலம் நான் அரிசி புடைத்துக்கொண்டே வாசித்துத் தமிழில் சொல்வேன். ஐரோப்பாவில் நடக்கும் பெரிய கார் பந்தயங்கள், எந்தக் கொடி எதற்கு, யாருக்கு என்ன தண்டனை என்று எல்லாம். ஒரு முறை, முந்தக் கூடாது என்று மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் இன்னொரு வண்டியை முந்திப் போனதற்காக, முதலில் வந்தவனுக்கு ஒரு நிமிஷம் கூட்டிப் பின்னால் தள்ளிவிட்ட செய்தியைப் படித்தேன். பாவமாக இருக்கிறதே என்றேன். அவருக்குப் பாவமாகவே இல்லை. கொடியைப் பார்த்த பிறகும் முந்தியவனுக்கு எதற்குப் பாவம் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

அந்த வருஷம் குடியரசு தின விளையாட்டுகளோடு ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயமும் வைக்கலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. ஊர் முழுவதும் தேடினாலும் ஓடுகிற வண்டி பதினொன்றுதான் தேறியது. ஆனாலும் கமிட்டி என்று ஒன்று அமைந்தது. தலைவர் ஒரு வங்காளி டாக்டர். விதி எழுதும் பொறுப்பு எங்கள் பள்ளியின் மலையாளி ஹெட்மாஸ்டருக்கு. மூன்றாவது ஆள் அபர்டீன் பஜாரில் கடை வைத்திருந்த கீழக்கரை முதலாளி. முதல் பரிசாக ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்து ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ரேடியோவை நான் தினமும் பள்ளியிலிருந்து திரும்பும்போது பார்ப்பேன். அம்மாவின் கடிதம் கப்பல் வந்தால்தான் வரும். கப்பல் எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பெட்டி வீட்டில் இருந்தால் இலங்கையிலிருந்து வரும் தமிழ்க் குரலாவது தினமும் காதில் விழும். இதை நான் என் கணவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவர் மறுநாளே பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

விதிகளை எழுத ஹெட்மாஸ்டர் எங்கள் வீட்டுப் பத்திரிகைகளைத்தான் வாங்கிப்போனார். மைதானத்திலிருந்து கிளம்பி, ஊருக்கு வெளியே கராச்சர்மா வளைவில் வெள்ளையடித்து நிறுத்திய தார் டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். டிரம் பக்கத்தில் வண்டியை முழுசாக நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இடது கையில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் பந்தயத்தில் இல்லை. நிற்காமல் போனால் ஒரு நிமிஷம் கூடும். முத்திரை வைக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். ஓட்டுகிறவரின் மனைவி என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

அன்று காலை பஸ்களை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்திருந்தார்கள். நான் டிரம் ஓரமாக, பள்ளிக்கூடத்து ரப்பர் முத்திரையும் ஊதா மைப் பெட்டியும் ஒரு நோட்டுமாக நின்றேன். நோட்டில் வண்டி எண், வந்த வரிசை, நின்றாரா இல்லையா என்று மூன்று கட்டம். துணைக்கு ஒரு போலீஸ்காரர், பார்க்க வந்த ஜனம், சாலைக்குக் குறுக்கே போகத் துடித்த ஒரு மாடு.

முதலில் வந்தது எங்கள் வண்டி. சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது. அவர் வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு கால் மட்டும் தரையை உரச, உருண்டபடியே டிரம்மைச் சுற்றினார். இடது கை என்னைப் பார்த்து நீண்டது. நான் இரண்டு அடி ஓடினேன். ஓடிக்கொண்டே அந்தக் கையில் முத்திரையை அழுத்தினேன். மணிக்கட்டுக்கு மேலே கோணலாக விழுந்தது. அந்தக் கை உடனே கிளட்சைப் பிடித்தது, வண்டி போய்விட்டது. போலீஸ்காரரும் ஜனமும் மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்தது துறைமுகத்தில் டீசல் என்ஜின் பார்க்கிற ஒரு தெலுங்குக்காரர். வண்டியை நிறுத்தினார், இரண்டு காலையும் ஊன்றினார், கையை நீட்டினார். என் முத்திரையில் மை காய்ந்திருந்தது. மறுபடி மையில் தோய்த்து வைக்கும்வரை அவசரப்படாமல் நின்றார். “ஷுக்ரியா, தீதி” என்று அக்கா முறை வைத்து இந்தியில் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

மற்றவர்களுக்கெல்லாம் முத்திரை வைத்து, மூன்றாவது கட்டத்தில் நின்றார், நின்றார் என்று எழுதினேன். முதல் வரியில் மட்டும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். உண்மையை எழுதவும் முடியவில்லை, பொய் எழுதவும் கை வரவில்லை. ஜீப்பில் மைதானத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் நோட்டை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

அங்கே அவருக்கு ஏற்கெனவே மாலை போட்டிருந்தார்கள். அரை நிமிஷத்துக்கும் குறைவான இடைவெளியில் ஜெயித்திருந்தார். பட்டறைக்காரர்கள் தோளில் தூக்கிவைத்திருக்க, கூட்டத்துக்கு மேலே தெரிந்த முகம் என்னைத் தேடிச் சிரித்தது. நான் கமிட்டி உட்கார்ந்திருந்த பந்தலுக்குள் போய் நோட்டை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் வெறும் கட்டத்தைப் பார்த்துவிட்டு, டீச்சர் எழுத மறந்துவிட்டாரா என்று கேட்டபடியே பேனாவை நீட்டினார்.

“மறக்கலை சார். அவுக நிக்கலை. உருண்டுக்கிட்டே வந்தாக. நாந்தான் ஓடிப்போய் வச்சேன்.”

கீழக்கரை முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். இந்தப் பிள்ளை சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாத விஷயம், மாலையும் போட்டாயிற்று, விட்டுவிடலாமே என்றார். ஹெட்மாஸ்டர், எழுதிய விதியை முதல் பந்தயத்திலேயே மறந்தால் அடுத்த வருஷம் யார் மதிப்பார்கள் என்று கேட்டார். டாக்டர் இந்தியில், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லி ஆள் அனுப்பினார்.

அவர் மாலையோடு வந்து நின்றார். நின்றீர்களா என்று டாக்டர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். என் நோட்டைப் பார்த்தார்.

“நின்ன மாதிரித்தான் இருந்துச்சு” என்றார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. முதலாளி இந்தியில் சொன்னார். அதற்குள் இவரே மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

“அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஒரு நிமிஷம் கூட்டியதில் அவர் நான்காவது இடத்துக்குப் போனார். பரிசு மூன்று பேருக்குத்தான். எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்டேன். ஓடிப்போய் முத்திரை வைத்த தப்பு என்னுடையதுதானே. அதற்கு விதியே எழுதவில்லை என்று ஹெட்மாஸ்டர் திகைத்தார். கொஞ்சம் யோசித்து, இனி ஓட்டுகிறவர்களின் சொந்தக்காரர்கள் யாரும் பந்தய வேலையில் நிற்கக் கூடாது என்று அங்கேயே ஒரு வரி எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஒரு விதி உண்டாவதை நான் பார்த்தது அன்றுதான், அதுவும் என்னாலேயே.

வீட்டுக்கு வந்து அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. மூன்று நாள் சோறு போடு, தண்ணி கொடு என்பதற்கு மேல் பேச்சில்லை. பட்டறையில் அவரைக் கேலி செய்து தீர்த்தார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான்காம் நாள் சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“எழுதத்தான் போறேன்னா, அப்ப எதுக்கு ஓடி வந்தே?”

“ஓடுறப்ப ஒண்ணும் தோணலை. நீங்க ஜெயிக்கணும், அம்புட்டுத்தான்.”

துணியை வாளியில் பிழிந்தார். வெகுநேரம் பிழிந்தார். பிறகு, சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும், டப்பாவைப் பிடி என்றார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குள் அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெலுங்குக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ரேடியோ. குழந்தை கீழே தள்ளிவிட்டதாம், சத்தமே வரவில்லையாம், ஊரில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இவர்தான் என்று எல்லோரும் சொன்னார்களாம். பரிசை வாங்கியவரிடம் பரிசை இழந்தவர் என்ன சொல்லுவார் என்று நான் உள்ளே நின்று கேட்டேன். வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலமே ஒரு கம்பி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டார். முதலில் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், தமிழில், வாழ்த்துச் சொல்லிப் பாட்டுப் போட்டது. நான் அடுப்பை விட்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வீட்டை விட்டு வந்த பிறகு, இந்தத் தீவுக்கு வெளியே இருந்து ஒருத்தி தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகிறேன் என்பது கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை தெலுங்குக்காரர் வழியில் என்னைப் பார்த்து, ஆயிற்றா என்று விசாரித்தார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறதாம் என்று என் கணவர் காலையில் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். கண்ணை நேரே பார்த்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னேன். அவர் லேசாகச் சிரித்து, அவசரமில்லை தீதி, மெதுவாகப் பார்க்கட்டும் என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எட்டு நாள் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் பாடியது. ஒன்பதாம் நாள் தெலுங்குக்காரர் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பணியாரம் சுட்டேன். என் கணவர் ரேடியோவைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, அவர் கையில் கொடுத்தார்.

அடுத்த வருஷம் பந்தயத்தில் நான் வேலைக்கு நிற்கவில்லை. ஆறு மாதக் கர்ப்பம் வேறு, அபர்டீன் பஜாரில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். கராச்சர்மாவில் அவர் இரண்டு காலையும் ஊன்றி, தேவைக்கு மேலேயே நின்றார் என்று முத்திரை வைத்தவர் பிறகு சொல்லிச் சிரித்தார். மூன்றாவதாக வந்தார். பரிசு நாலடுக்கு டிபன் கேரியர். வண்டியை விற்றுவிட்டு, மாற்றலாகி நாங்கள் கார் நிக்கோபாருக்குப் போன பிறகும் அதில்தான் பட்டறைக்குச் சோறு கொண்டுபோனார். மேல் தட்டில் மகளுக்கென்று எதையாவது வைத்துத் திரும்பக் கொண்டுவருவார்.