மலைக்கு வாங்கிய விசிறி

என் லேப்டாப் சிறியது. பதினோரு அங்குலத் திரை. தோள்பையில் துண்டுக்கும் மாற்றுச் சட்டைக்கும் நடுவே சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். ஏதோ ஒரு ஆபீசில் உழைத்துக் களைத்து, கோயம்புத்தூரில் ஒரு மாடிக் கடைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நீலகிரி மலையில் இருக்கிற மஞ்சூருக்கு வந்து சேர்ந்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் ஓட்டல், நடுவில் கொஞ்ச நாள் லாரி கிளீனர் என்று சுற்றியவன், ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு பழகிக்கொண்டு மலையேறிவிட்டேன். தங்கியிருப்பது ஒரு பேக்கரிக்குப் பின்னால் உள்ள அறையில். ரொட்டி அடுப்பின் பின்சுவர்தான் என் அறையின் முன்சுவர். அடுப்பு எரியாத ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேண்ட் போட்டுக்கொண்டு தூங்குவேன்.

பிழைப்பு, தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு நடந்து போய் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. பஜாருக்கு வந்து வரிசையில் நின்றால் அவர்களுக்கு அரை நாள் லீவு போகும். நான் வாசலுக்கே போவேன். ஒரே குறை, என் லேப்டாப்பின் வேகம். ஒரு பக்கம் திறப்பதற்குள் அந்த வீட்டில் டீ போட்டு, ஆற்றி, எனக்குக் கொடுத்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

அதனால் மே மாதத்தில் கையிலிருந்ததை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கினேன். கடைக்காரர் கழுத்தில் ஈரத் துண்டு போட்டிருந்தார். லேப்டாப்பைப் புரட்டிப் போட்டு, திருகுகளைக் கழற்றி, வைத்தியர் மாதிரி உள்ளே பார்த்தார்.

"ரேம் ஏத்திரலாமுங்க. இந்த ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போட்டுட்டு எஸ்.எஸ்.டி. வெச்சுக்கலாம், பறக்கும். ஆனா பேட்டரிக்கு வயசாயிருச்சு. அதையும் மாத்திருங்க. அரை மணி நேரம் நின்னாலே பெருசு."

முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதற்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் கன்னம் கூசுகிறது.

"எங்கூர்ல கரண்டுக்குப் பஞ்சமில்லீங்க. கரண்டு எடுக்கறதே எங்கூர்லதான். குந்தா டேமும் பவர் ஹவுஸும் கூப்பிடு தூரத்துல இருக்குது."

"அப்படீங்களா? அப்பச் செரிங்க" என்று அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அணைக்கட்டையே நான் கட்டியதுபோல அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்ததாக எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. என் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. லேப்டாப்பின் அடிவயிறு தோசைக்கல் மாதிரி சுட்டது. அலமாரிக்குள் ஒரு கூலிங் பேட் இருந்தது. லேப்டாப்புக்கு அடியில் வைக்கிற பலகை, அதில் இரண்டு விசிறிகள், சுற்றினால் நீல வெளிச்சம். கடைக்காரர் அதை என் முகத்துக்கு நேரே ஓட்டிக் காட்டினார். அந்த நிமிடத்தில் அதைவிட அவசியமான பொருள் உலகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. கூடவே வெயில் பட்டால் கூசாமல் இருக்கத் திரைக்கு ஒரு பிலிம். பிறகு, ஒரு சொருகு வாயை ஏழாக்கிக் காட்டும் ஒரு ஹப். எனக்குச் சொருக இருந்தது ஒரு மவுஸ் மட்டும்தான். பேட்டரிக்கு ஆகியிருக்கும் பணத்தில் இந்த மூன்றும் வந்துவிட்டன.

எப்போதும் எனக்கு இதுதான் வியாதி. நிற்கிற ஊருக்கான சாமானை வாங்கிக்கொண்டு போகிற ஊருக்குப் போய்விடுவேன். திருப்பூரில் இருந்தபோது ஊட்டிக்குச் சுற்றுலா வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டே தடித்த ஸ்வெட்டர் வாங்கிப்போனவன் நான். பனியன் கம்பெனியில் அதைத் தலையணையாக வைத்துக்கொண்டேன். மஞ்சூரில் வெயில் எப்போதாவது கண்ணைக் கூசவைத்திருக்கிறதா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் அந்த பிலிமுக்கான காசாவது மிஞ்சியிருக்கும்.

மலைக்குத் திரும்பியபின் ஒன்றரை மாதம் ராஜா மாதிரி சுற்றினேன். லேப்டாப் உண்மையிலேயே பறந்தது. டீ ஆறுவதற்குள் விண்ணப்பம் முடிந்தது. கூலிங் பேடைச் சொருகாமல் நான் எந்த வீட்டிலும் வேலையை ஆரம்பித்ததில்லை. சுற்றுகிற விசிறியையும் நீல வெளிச்சத்தையும் பார்த்தால், பெரிய மிஷின் வந்திருக்கிறது என்று நினைப்பார்கள் அல்லவா.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, கீழ்த் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா வரச்சொல்லியிருந்தார். அவர் என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யாரும் அதைத் திருத்தியதில்லை. அரசு மாணவியர் விடுதிக்குச் சமையலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சரிவில் நின்று நின்று அவருக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அடுத்த மாதம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அன்று மாலை ஐந்தே முக்காலோடு விண்ணப்பம் முடிகிறது. அம்மா வீட்டிலிருந்த அவருடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழ், மேட்டுப்பாளையத்திலிருந்து அன்று மதிய பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தது.

நான் போனபோது கரண்டு இல்லை. மழைக்கு எங்கேயோ கற்பூர மரம் கம்பிமேல் விழுந்திருக்கும். பஜாரிலும் இல்லை என்றார்கள்.

"கரண்டு இல்லாம ஆகுங்களாண்ணா?"

"பேட்டரி இருக்குதுங்கக்கா. மிஷினையே புதுசு பண்ணியாச்சு."

விசிறி சுற்றியது. வாசலில் மூடுபனி நின்றது. அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சான்றிதழ்களை என் போனில் படம் எடுத்து லேப்டாப்பில் ஏற்றினேன். இன்டர்நெட்டும் போனிலிருந்துதான். அந்தப் போனின் திரையில் கீழ்ப்பாதி தொட்டால் அசையாது, அதனால் விண்ணப்பத்தை அதிலேயே நிரப்ப வழியில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் ஏறியது. போட்டோவும் சான்றிதழும் ஏற்ற வேண்டிய இடத்துக்கு வந்தபோது திரை கறுத்தது.

"என்னாச்சுங்க?"

"ஆஃப் ஆயிருச்சுங்கக்கா."

அவர் குனிந்து லேப்டாப்புக்கு அடியில் பார்த்தார். "விசிறியும் நின்னுருச்சே."

"அதும் இதுல இருந்துதானுங்க ஓடுது."

"நானே சால்வை போத்தி உக்காந்திருக்கறேன். இதுக்கு எதுக்குங்ண்ணா விசிறி?" நின்றுபோன விசிறியை விரலால் தட்டிப் பார்த்தார். "அப்ப இத்தனை நேரம் அது குடிச்சது என்னோட அப்ளிகேசன் கரண்டுங்களா?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

மணி நான்கு. அக்கா என்னைத் திட்டுவதில் நேரத்தை வீணாக்கவில்லை. காதைக் கூர்மையாக்கி, "பேக்டரில ஜெனரேட்டர் ஓடுது. கொழுந்து வெச்சா கெட்டுப்போயிருமுல்லீங்க, நிறுத்த மாட்டாங்க. நடங்க" என்று கிளம்பிவிட்டார். தோட்டத்துக்கு நடுவே மேல்நோக்கிக் குறுக்குப் பாதை. மழையும் பனியும் ஒன்றாக இறங்கின. லேப்டாப் என் ஸ்வெட்டருக்குள் இருந்தது. அவர் வீங்கிய முழங்காலைக் கையால் ஊன்றி ஊன்றி முன்னால் ஏறினார். நல்ல முழங்காலோடு நான் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு போனேன்.

பேக்டரியில் அவருக்குத் தெரிந்தவர் டிரையர்க்காரர், அதே லயனில் இருப்பவர். தேயிலையைக் காயவைக்கிற அந்தப் பெரிய சூட்டுப் பெட்டியின் வாயில் வெறும் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். ஜூலை மாதத்து மஞ்சூரில் வியர்த்த மனிதரை நான் பார்த்தது அப்போதுதான். டிரையருக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றில் நனைந்த ஸ்வெட்டர்களும் பள்ளிக்கூடச் சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன. மழைக்காலம் முழுக்க லயன் வீடுகளின் துணி அங்கேதான் காயும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஈர ஜட்டியோடே நான் ஒரு வருடம் ஓட்டியிருந்தேன்.

பிளக்கைப் பார்த்ததும் ஓடினேன். டிரையர்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மிஷின் வேர்த்திருக்குது பாருங்க. ஈரத்தோட சொருகினா புஸ்சுனு போயிரும். கொஞ்சம் காயட்டும்."

"மணி நாலரை ஆயிருச்சுங்க."

"அம்மிணி, நீ சொல்லு. காயணுமா வேண்டாமா?"

அக்கா லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காயட்டுமுங்க. இவரு பேச்சைக் கேட்டது போதும்."

லேப்டாப்பைத் திறந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தோம். அரை மணி நேரம். அக்கா சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றார். சால்வையின் நுனியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

ஐந்து மணிக்குச் சொருகினேன். பொத்தானை அழுத்தியவுடன் எழுந்தது. அந்தப் பெருமை எஸ்.எஸ்.டி.க்குச் சேர வேண்டும். நிரப்பியதெல்லாம் தளத்தில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் மறுபடி உள்ளே நுழைய அக்காவின் பட்டன் போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். டிரையர் பக்கம் அவர் போனுக்கு சிக்னல் இல்லை. போனோடு வாசலுக்கு ஓடினார். இலையை நசுக்குகிற உருளைகளின் சத்தத்தில் அங்கிருந்து அவர் கத்தியது எனக்கு எட்டவில்லை. டிரையர்க்காரர் நடுவில் போய் நின்று எண்களை ஒவ்வொன்றாக வாங்கி என்னிடம் கத்தினார்.

"நாலு! ஏழு! அம்மிணி, அடுத்து? ரெண்டு! தம்பி, அடிச்சீங்களா?"

"அடிச்சாச்சுங்க!"

"அப்பறம் என்னத்துக்கு என்னையப் பாக்கறீங்க, மிஷினைப் பாருங்க!"

போட்டோ ஏறியது. சான்றிதழ்கள் ஏறின. கடைசிப் பொத்தானை நான் அழுத்தவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். தேயிலைக் கறை பிடித்த விரலை சால்வையில் துடைத்துவிட்டு அழுத்தினார். விண்ணப்பம் பெறப்பட்டது என்று வந்தது. மணி ஐந்து இருபத்தைந்து. அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் நீவிக்கொண்டார்.

நான் பையைக் கட்டும்போது டிரையர்க்காரர் கூலிங் பேடைப் பார்த்துவிட்டார். "இது என்னங்க தம்பி?" சொருகிக் காட்டினேன். முகத்தை அதன் முன்னால் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மலையில் அந்த விசிறிக்கு வேலை இருந்த ஒரே இடத்தை அது தானாகவே கண்டுபிடித்துவிட்டது. என்னிடம் திருப்பித் தர அவர் முயலவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. பதிலுக்கு, மழைக்காலத்தில் என் துணிக்கும் அந்தக் கயிற்றில் இடம் கிடைத்தது.

செப்டம்பரில் பேட்டரி வாங்க மறுபடி அதே கடைக்குப் போனேன். அதே ஆஸ்பெஸ்டாஸ், அதே வியர்வை. கடைக்காரர் பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தார். அலமாரியில் மூன்று விசிறி வைத்த புது கூலிங் பேட் வந்திருந்தது. வெளிச்சம் நிறம் மாறி மாறி வந்தது. சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன். அப்போது போன் அடித்தது. அக்கா.

"நேர்காணலுக்குக் கடுதாசி வந்திருச்சுங்ண்ணா! ஒரிஜினல் எல்லாம் கொண்டாரச் சொல்லியிருக்குது. எங்கிருக்கறீங்க?"

"கோயமுத்தூர்லீங்கக்கா. பேட்டரி வாங்க வந்தேன்."

"கையில வேற என்ன வெச்சிருக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"அதைய அங்கயே வெச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தேன்.