நாலு மாத்திரையில் ரெண்டு

பரோட்டா மாவை வீசும்போது மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். எண்ணெய் மினுங்கும் உருண்டையைத் தட்டி, விளிம்பைப் பிடித்து, கல்மேசையில் ஓங்கி அடித்து இழுத்து, அது மெலிந்து விரியும் வரை அவர் நெஞ்சு அசையாது. சுருட்டி வைத்த பிறகுதான் முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு இருமுவார். செங்கோட்டையிலிருந்து புளியறை போகிற சாலையில், லாரிகள் நிற்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரை நான் முதலில் பார்த்தது இப்படித்தான். நானும் சாப்பிடத்தான் போயிருந்தேன். ஆனால் பல வருடமாகக் காசநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு அப்படி ஒரு இருமல் காதில் விழுந்தால் சோறு இறங்காது. கையைக் கழுவிவிட்டு அவரிடம் போய், எத்தனை நாளாக இருமுகிறீர்கள் என்று கேட்டேன். என் சீருடையை ஏற இறங்கப் பார்த்தார். "அடுப்புப் புகை சிஸ்டர். இருவத்தஞ்சு வருசமா இந்தக் கல்லு முன்னாலதான நிக்கேன், இருமாம என்ன செய்யும்?" என்றார்.

எங்கள் பக்கத்தில் இருமலுக்குக் காரணம் சொல்ல யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். சமையல்காரர் என்றால் அடுப்புப் புகை. பீடி சுற்றுகிற பெண் என்றால் புகையிலைத் தூள். இரண்டுமில்லை என்றால் சாரல் காற்று, அல்லது அருவித் தண்ணீர் தலையில் இறங்கிவிட்டது. இந்தக் காரணங்கள் பொய் என்றால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். புகையும் தூளும் நுரையீரலைக் கெடுக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் அவற்றின் பின்னால் கிருமி சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது. மாஸ்டரை விடாமல் நச்சரித்துச் சளி எடுத்துப் பார்த்தபோது காசநோய் என்று வந்தது.

அவர் கேட்டது இரண்டே இரண்டு. கடையில் தெரியக்கூடாது. வீட்டுப் பக்கம் நான் வரக்கூடாது. மகளுக்குக் கடையத்தில் ஒரு இடம் பேசி முடிக்கிற நேரம், ஆவணியில் கல்யாணம். "சீருடையோட நீங்க எங்க தெருவுக்குள்ள நுழைஞ்சா, சாயங்காலத்துக்குள்ள கடையத்துக்குச் சேதி போயிரும் சிஸ்டர்." வீட்டில் இருக்கிற எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். பெண்ணைப் பெற்றவர், பாவம் என்று நினைத்தேன். என் இரக்கத்தை நான் அன்று மெச்சிக்கொண்டது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முதலில் சில வாரம், தொற்று அடங்கும் வரை, வயிற்றுப்புண் என்று முதலாளியிடம் சொல்லி லீவு போட்டார். வேலைக்குத் திரும்பிய பிறகு தினமும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் நான் ஸ்கூட்டரை நிறுத்துவேன். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று நாலு மாத்திரையையும் என் கண் முன்னால் விழுங்குவார். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். "பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி ஆக்கிட்டீகளே" என்று சிரிப்பார். இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. அன்று ஒரு பொட்டலம் பரோட்டாவைக் கட்டாயப்படுத்திக் கையில் திணித்தார். இன்னும் நாலு மாதம் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் அவ்வளவுதான் என்று மிரட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் சீசன் வந்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் அந்தச் சாலையில் நிற்க இடமிருக்காது. குளித்துவிட்டுப் பசியோடு வருகிற கூட்டம் காலையிலேயே கடையை மொய்த்துவிடும். விறகுக்குப் பின்னால் ஒளிந்து மாத்திரை விழுங்க அவருக்கும் நேரமில்லை, சாரலில் நனைந்துகொண்டு காத்திருக்க எனக்கும் மனமில்லை. ஒரு மாதத்து மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தேன். அடுத்த மாதமும் கொடுத்தேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. அவர் விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, சிகிச்சை அட்டையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக் போட வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து, மை மாறிவிடாமல் ஒரே பேனாவால், முப்பது கட்டத்தையும் ஒரு மூச்சில் நிரப்பினேன். நான் மட்டும்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அட்டையில் செய்தது நான்தான்.

ஆவணி முடிந்து அவர் வந்தபோது சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சளியில் மறுபடி கிருமி. மேற்கொண்டு பரிசோதித்ததில், முக்கியமான மருந்துக்கே அது அடங்காத கிருமியாகிவிட்டிருந்தது. டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஒரு நாள் விடாம சாப்பிட்டிருக்காரே, பிறகு எப்படி?" என்றார். வரிசையாக நின்ற என் டிக்குகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அட்டையைத் திரும்ப வாங்கிக் கோப்புக்குள் வைத்தேன்.

மறுநாள் சீருடை இல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கல்யாணம் முடிந்து மகள் கடையம் போயிருந்தாள். மாஸ்டர் உள்ளே சுருண்டு படுத்திருந்தார். அவர் மனைவி வாசலுக்குப் பக்கத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை, இருமலும் நிற்கவில்லை. நான் பார்த்ததும், "இந்தத் தூளுதான் சிஸ்டர், எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார். கிளம்பும்போது தெரு வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூத்திரம் செவப்பாப் போகுதே, அது ஒண்ணும் செய்யாதுல்லா?" என்று கேட்டார்.

"அது மாத்திரையோட நிறம் மதினி. அண்ணாச்சிக்கு அதனால ஒண்ணும் வராது."

"அவுகளுக்கு இல்ல..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அந்த மாத்திரையை விழுங்காத யாருக்கும் அந்த நிறம் வராது. திரும்ப உள்ளே போய் மாஸ்டரின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவர் மறைக்கவில்லை. "ஆனி மாசம் இவளுக்கும் எனக்கு வந்த மாதிரியே காய்ச்சலும் இருமலும். உங்ககிட்டச் சொன்னா பேர எழுதணும்பீக. ஆத்தாளுக்கும் இருக்குன்னா எவன் பொண்ணெடுப்பான்? எனக்குத்தான் கிருமி இல்லன்னு சொல்லிட்டீகள்லா. நாலு மாத்திரையில ரெண்டு அவளுக்கு, ரெண்டு எனக்கு. ஆவணி முடிஞ்சதும் கூட்டியாரலாம்னுதான் இருந்தேன்."

அரை மருந்தில் கிருமி சாகாது, அந்த மருந்தோடு வாழப் பழகிக்கொள்ளும். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பெண்டாட்டியைக் காப்பாற்றப் பங்கு வைத்தாரோ, அவளுக்கும் அதே அடங்காத கிருமிதான் இருந்தது. டாக்டரிடம் போய் டிக் போட்ட விஷயத்தைச் சொன்னேன். விளக்கம் கேட்டு எழுதினார்கள், பதில் கொடுத்தேன், கண்டித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் கடுமையாகத் தண்டித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இருவருக்கும் வேறு மருந்துகள் ஆரம்பித்தோம். பாதங்கள் எரியும், குமட்டும், எதைத் தின்றாலும் தகரம் போலிருக்கும் என்பார்கள். இப்போது நான் தினமும் வீட்டுக்கே போனேன், சீருடையோடு போனேன். தெரு பார்த்தது. கடையத்துச் சம்பந்தி ஒரு நாள் பார்க்க வந்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். மருமகன் மாமியாரிடம் இனிப் பீடி சுற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். எதற்குப் பயந்து எல்லாம் நடந்ததோ அது நடக்கவே இல்லை. மதினிக்கு நுரையீரல் அவ்வளவு கெட்டிருக்கவில்லை, மெல்லத் தேறினார். மாஸ்டருக்கு வலது பக்கம் குழி விழுந்திருந்தது. மாசி மாதத்தில் ஒரு காலை இருமி இருமி ரத்தமாகக் கக்கினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுகை வரவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் அப்போது தோன்றியது.

மதினிக்குச் சிகிச்சை முடிந்து, கிருமி இல்லை என்ற கடைசி அறிக்கையை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். போன வாரம் நடந்தது இது. வீட்டில் அவர் மட்டும் இருந்தார். காகிதத்தை வாங்கி இரண்டாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா? அவுக அன்னைக்கே உங்ககிட்ட வந்து, இவளுக்கும் வேணும்னு கேட்டிருந்தா, வேற நாலு மாத்திர தந்திருப்பீகளா?"

"எத்தனை வேணும்னாலும் தந்திருப்பேன் மதினி. அலமாரி நிறைய இருந்துச்சு."

"எழுதாம?"

பார்க்காமலே தொண்ணூறு கட்டம் எழுதியவளிடம் கேட்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "எழுதாம தர முடியாது. ஆனா எழுதுனத நாங்க யாருக்கும் காட்ட மாட்டோம். சீருடை இல்லாமலும் வந்திருக்கலாம், உங்கள வேற ஊர்ல வச்சும் பாத்திருக்கலாம். இத உங்ககிட்ட நேர்ல சொல்ல நான் முதல்லயே ஒரு தடவ வீட்டுக்கு வந்திருக்கணும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார்.

"வந்திருக்கலாம் சிஸ்டர்" என்றார்.