வாதாடக் கண்டிக்குப் போன கதை

காலை ஆறரைக்கு மடவளையில் பஸ் ஏறினேன். கண்டிக்குப் பத்துக் கிலோமீட்டர்தான். ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்ற நேரத்துக்கு ஜேர்மனிக்கே நடந்து போயிருக்கலாம். வாய்க்குள் ஜேர்மன் வசனங்களை உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, துஆ ஓதுறீங்களா?" நான் பிரார்த்தனை முணுமுணுப்பதாக நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். "எனக்கும் முதுகுல ஊதிவிடுங்க. ரெண்டு நாளா வலி."

ஊதிவிட்டேன்.

எட்டரைக்குப் பேராதனை வீதியிலுள்ள தேர்வு நிலையம். ஜேர்மன் பல்கலைக்கழகமொன்று எனக்கு இடம் தந்திருந்தது, மொழிச் சான்றிதழ் ஜூலைக்குள் வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். மிச்சம், பேச்சுத் தேர்வு. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரு தலைப்பில் எதிரும் புதிருமாக வாதாட வேண்டும். எனக்கு வாய்த்த ஜோடி கெலிஓயாவிலிருந்து வந்த செல்வராணி அக்கா, கணித ஆசிரியை. அவருக்கும் அதே ஜூலைதான்.

காத்திருந்த நேரத்தில் உம்மா கட்டித்தந்த ரொட்டியில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

"உள்ள போனதும் நல்லா சண்டை போடணும் தம்பி. விட்டுக் குடுத்துறாதீங்க."

"நீங்களும்தான் அக்கா."

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். படிக்கும்போது பகுதிநேர வேலை செய்வது நல்லதா என்பது தலைப்பு. நல்லது என்றார் அக்கா. நான் மறுக்க வேண்டும். ஒரே பொட்டலத்தில் ரொட்டி தின்றவரிடம், அதுவும் வயதில் மூத்தவரிடம், அந்நியர் முன்னால் நீங்கள் சொல்வது பிழை என்பதா?

"நீங்கள் சொல்வது மிகச் சரி," என்றேன், அப்பழுக்கில்லாத ஜேர்மனில்.

அக்கா நன்றி சொன்னார். பிறகு, "நீங்கள் பேசுங்கள்." "இல்லை, முதலில் நீங்கள்." உபசாரத்தில் மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தேர்வாளர் முன்னால் சாய்ந்து, "மாற்றுக் கருத்தே கிடையாதா?" என்று கேட்டார். கை கொடுத்துத் தூக்கிவிடப் பார்த்திருக்கிறார், பாவம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றோம்.

பகல், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கெலிஓயா பஸ்ஸுக்கு நின்றோம்.

"ஏன் அக்கா, என்னோட சண்டைக்கே வரல்ல?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்திச்சு தம்பி."

"எனக்கும் அப்படித்தான் ஈந்திச்சி."

சிரித்தோம். அவருடைய பஸ் வந்தபோது இருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பேச்சில் இருவருமே தவறியிருந்தோம். தேர்வை மறுபடி எழுதலாம். ஆனால் ஜூலை தாண்டிவிடும், பல்கலைக்கழக இடம் காத்திருக்காது. அன்று மாலை அக்காவிடமிருந்து செய்தி: "தம்பி, நம்ம மேல பிழை இல்ல. தலைப்புத்தான் சரியில்ல."

இல்லை அக்கா, பிழை நம்முடையதுதான் என்று எழுதினேன். அழித்தேன். "ஓம் அக்கா, சரிதான்" என்று அனுப்பினேன்.